இரண்டு கோட் சுண்ணாம்பு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் பொதுவான தோட்டத்தின் கிழக்குச் சரிவில் காபிச் செடிகளுக்கு நிழல் தரும் பெரிய மரங்களில் நாற்பத்தொன்றை வெட்ட வேண்டும் என்பது தம்பியின் கட்சி. ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்பது அக்காவின் கட்சி. மூன்று மாதம் கத்தித் தொண்டை கட்டிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மண் பரிசோதகர் வந்து பார்த்து 'நிழல் காபித் தோட்டம்' என்று சான்று கொடுத்தால் மரங்கள் பத்து வருஷத்துக்கு நிற்கும். கொடுக்காவிட்டால் மறுநாளே ரம்பம்.

அந்தக் காகிதத்தை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவர் அக்காவின் கணவர். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தோட்டத்தில் இன்னும் அவருக்கு அதுதான் பெயர். நேரம் போடாத எதையும் அவர் காகிதமாகவே மதிக்க மாட்டார். அதனால் 'பரிசோதனை நாளன்று மாலை ஐந்து மணிக்குள்' என்று தாமாகவே ஒரு வரி சேர்த்தார். 'சிவப்புக் குறி உள்ள மரங்களை மட்டுமே வெட்டலாம்' என்று இன்னொரு வரி. இரண்டு வரிகளும் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

பரிசோதனை நாள் இன்றைக்கு.

அக்கா பெரியவள் முந்தின நாள் காலையிலேயே ஜீப்பை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். பரிசோதகரை பஸ்ஸை நம்பி விட அவளுக்கு மனசு வரவில்லை. கிளம்பும்போது கணவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷன். தோட்டத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க."

யாரிடம் எந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டாமா?

பதினோரு மணிக்கு ஜீப் கடைசி வளைவில் திரும்பியது. முதலில் புகை தெரிந்தது. அப்புறம் வெள்ளை தெரிந்தது. அத்தி, வாகை, முருக்கு என்று பேதம் பார்க்காமல் சரிவில் இருந்த எல்லா மரங்களும் மார்பளவு சுண்ணாம்பு பூசிக்கொண்டு வரிசையாக நின்றன.

"ஏதாவது விசேஷமா மேடம்?" என்று பரிசோதகர் கேட்டார். டவுனில் இருந்து வழியெல்லாம் தூங்கி வந்த பெண்மணி. இப்போது நன்றாக விழித்துக்கொண்டார்.

 பெரியவள் மரங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக ஒருவரையும் தொட விடாமல், கணுக்கால் புதையும் அளவுக்குச் சேர்த்து வைத்திருந்த இலைச் சருகில் ஒன்றுகூட இல்லை. விளக்குமாறு இழுத்த கோடுகள்தான் மேலிருந்து கீழ் வரை தெரிந்தன.

அவள் அப்பா காலத்தில் அந்தச் சரிவில் மண்வெட்டியைப் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும். களைக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, வாரா வாரம் பெருக்கல் என்று தோட்டத்தை ஆஸ்பத்திரி மாதிரி வைத்திருந்தார் மனுஷர். மண் செத்துப்போயிருந்தது. பெரியவள் பொறுப்புக்கு வந்ததும் மருந்தை நிறுத்தினாள், விளக்குமாற்றை நிறுத்தினாள். விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கட்டும் என்று விட்டாள். மூன்றாம் வருஷம் மண்புழு வந்தது. ஐந்தாம் வருஷம், கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும் அடிவாரக் கிணற்றில் தண்ணீர் நின்றது. போன வருஷம் உரம் பாதியாகக் குறைந்தது. அவள் செய்த வேலை என்று வெளியாருக்குக் காட்ட ஒன்றுமில்லை. கீழே கிடந்த அந்தக் குப்பைதான் அவள் வேலை.

சரிவின் அடியில், தேய்த்த சட்டையும் சீவிய தலையுமாக ஸ்டேஷன் மாஸ்டர் காத்திருந்தார். கையில் பச்சைக் கொடி ஒன்றுதான் இல்லை.

"வாங்க மேடம், வாங்க! எல்லாம் ரெடி. பன்னெண்டு பேர், ஒன்றரை நாள் வேலை. ஒரு சருகு இருந்தா என்னைக் கேளுங்க."

"ஏங்க..." பெரியவள் ஜீப்பை விட்டு இறங்கினாள். "இலை எல்லாம் எங்கங்க?"

"அதை ஏன் கேக்கறே! ரோட்டோரம் குவிச்சுக் கொளுத்தச் சொன்னேன். ஒரு டின் மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு. புகையுதே தவிர எரியவே மாட்டேங்குது சனியன்."

"யாருமே உங்களைத் தடுக்கலையா?"

"மேஸ்திரியம்மா என்னமோ சொல்லிச்சு. 'அம்மா வந்தா திட்டும்'னு. நான்தான் சொன்னேன், இது இன்ஸ்பெக்ஷன்மா, விளையாட்டில்லைன்னு."

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் பிளாட்பாரத்தைக் கழுவு, குப்பையை அள்ளு, கண்ணில் படுவதற்கெல்லாம் வெள்ளையடி. அதற்கு அவர் மூன்று முறை கேடயம் வாங்கியிருக்கிறார். கேடயங்கள் இன்னும் ஹாலில் இருக்கின்றன. அன்றைக்கு அவற்றைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் போலிருந்தது பெரியவளுக்கு.

அடித்த வெள்ளையாவது ஒழுங்காக இருந்ததா? அதுவும் இல்லை. சில மரம் பளீரென்று, சில மரம் மங்கலாக. பாத்திரம் கழுவினாலே நாலு முறை திருப்பிப் பார்க்கிற மனுஷருக்கு இது எப்படித் தப்பியது? அதைக் கேட்கும் நிலையில் அவள் இல்லை.

பரிசோதகர் குவியலின் ஓரமாகப் போய் உட்கார்ந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்த கையில் கறுப்பாக, ஈரமாக, வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடிய இலை மக்கு.

"கடைசியா எப்ப மழை பெஞ்சுது?"

"ரெண்டரை மாசம் ஆச்சு," என்றாள் பெரியவள்.

"ரெண்டரை மாசத்துக்கு அப்புறமும் பிழிஞ்சா தண்ணி வரும் போல இருக்கு. அப்புறம் எப்படி சார் எரியும்?" பரிசோதகர் ஸ்டேஷன் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். "இதைப் பார்க்கத்தான் சார் நான் வந்தேன்."

ஸ்டேஷன் மாஸ்டரின் முகத்தில் இருந்த வரவேற்பு மெதுவாக இறங்கியது. மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் தம்பி சின்னவன். லாரி வைத்துத் தொழில் செய்கிறவன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரமே இல்லாமல் வெயிலில் காபி போட்டிருக்கும் தோட்டத்து மூட்டைகளை ஏற்றுவது இவன் லாரிதான். அவர்கள் மூட்டையை ஏற்றும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். வெட்டிவிட்டு நாமும் அப்படிப் போடலாம் என்பது அவன் கணக்கு. கெட்டவன் இல்லை, அவசரக்காரன்.

சரிவைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"மாமா, சூப்பரா பண்ணியிருக்கீங்க," என்றான், அவ்வளவுதான்.

"வாயை மூடுடா," என்றாள் பெரியவள்.

பரிசோதகர் வேலையை ஆரம்பித்தார். அவரிடம் நாலு தலைப்புள்ள ஒரு படிவம் இருந்தது. நிழல், மண், நீர், கடைசியாக மூடாக்கு. அதாவது மண்ணை மூடிக் கிடக்கும் சருகு. மரங்களை எண்ணினார், வகை பிரித்தார். பறவைக் கூடுகளைக் குறித்துக்கொண்டார். இரும்புக் குழாயைத் தரையில் அழுத்தி மண் எடுத்தார். குழாய் முனகாமல் இறங்கியது. மண்ணை உள்ளங்கையில் கொட்டி, உதிர்த்து, மோந்து பார்த்தார்.

"இந்த வருஷம் நான் பார்த்ததுல இதுதான் நல்ல மண்ணு," என்றார். குரலில் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

அடுத்தது நீர். ஒரு இரும்பு வளையத்தைத் தரையில் பதித்து, அளந்த தண்ணீரை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் மண் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அவருடைய கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தயங்கித் தயங்கித் தம்முடையதைக் கழற்றி நீட்டினார்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்."

"இருபத்திரண்டு விநாடி," என்றார் அவர். வாழ்க்கையில் முதல் முறையாக நேரத்தை மெல்லிய குரலில் சொன்னார்.

"அந்தப் பக்கமும் ஊத்திப் பாருங்க மேடம்," என்று ரோட்டுக்கு அப்பால் கைகாட்டினான் சின்னவன். "அதுவும் மண்ணுதானே."

அந்தத் தோட்டத்துக் காவல்காரர் சின்னவனுக்கு வேண்டியவர், கதவைத் திறந்துவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. அதே வளையம், அதே அளவு தண்ணீர். பன்னிரண்டு நிமிஷம் ஆகியும் வளையத்துக்குள் தண்ணீர் குளம் மாதிரி நின்றது. ஒரு எறும்பு அதில் நீச்சல் அடித்தது.

"இங்க பெய்யற மழை உள்ள போகாது சார். மண்ணையும் சேர்த்து எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துடும்," என்றார் பரிசோதகர்.

சின்னவனுக்குச் சுருக்கென்றது. "தண்ணி குடிக்கிற மண்ணை வெச்சு நான் என்ன மேடம் பண்றது? எனக்குக் காய் வேணும். இவங்க செடியில காய் தொங்குதா இல்லையா?"

"தொங்குது. இல்லைன்னு சொல்லல. நிழல்ல காய் கொஞ்சம் கம்மிதான். ஆனா இவங்க போன வருஷம் எத்தனை லோடு உரம் இறக்கினாங்க? நீங்கதானே ஏத்திக்கிட்டு வர்றீங்க?"

 பதில் சின்னவனுக்குத் தெரியும். வருஷா வருஷம் ஒரு லோடு கூடிக்கொண்டே போகிறது.

மூன்று மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். பரிசோதகர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். நிழலுக்கு முழு மதிப்பெண், மண்ணுக்கு முழு மதிப்பெண், நீருக்கு முழு மதிப்பெண். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது.

"மூடாக்கு சைபர்னு போட்டா சான்று கிடையாது மேடம். ஒரு தலைப்புல சைபர் வந்தாலும் கிடையாது. விதி அப்படி."

"இப்பவே அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுடறோம்," என்றாள் பெரியவள். "ஆள் இருக்காங்க. ரெண்டு மணி நேரம் குடுங்க."

"நான் பார்க்க நீங்க கொட்டினா அது மூடாக்கு ஆகாது. வந்தப்ப கண்ணுல பட்டதைத்தான் நான் எழுத முடியும்." பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த அறுவடைக்கு அப்புறம் மறுபடி கூப்பிடுங்க. கண்டிப்பா வருவேன். எனக்கும் மனசு கேக்கல மேடம்."

சைபர் விழுந்தது.

மண்ணில் முதல் மார்க் வாங்கி விளக்குமாற்றில் ஃபெயிலான ஒரே தோட்டம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். பெரியவள் எழுந்து சமையலறைக்குள் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள். அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் வரவில்லை. யாரைத் திட்டுவது? கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டலாம். தனக்காக ஒன்றரை நாள் இடுப்பொடிய நின்று செய்தவரை எந்த வார்த்தையால் திட்டுவது?

ஸ்டேஷன் மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"தெரியும். தயவுசெஞ்சு போயிடுங்க இங்கேருந்து."

லாரி ஒன்று டவுனுக்குப் போகிறது என்று பரிசோதகரை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தான் சின்னவன். சட்டைப்பையில் இருந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தான்.

"அக்கா, மணி நாலரை."

"மண்ணைப் பார்த்தா தெரியலையா? நிஜமாவே ஃபெயில்னா நானே வெட்டிக்கோன்னு சொல்லியிருப்பேன். இது மாமா பண்ணின கூத்துடா."

"நீ ஜெயிச்சிருந்தா நான் ஏதாவது சாக்கு சொன்னா கேட்டிருப்பியா? கிளை கழிக்க ஆள் கிடைக்காம வருஷா வருஷம் நாய் மாதிரி அலையறவன் நான். நீ இலையைக் கொஞ்சிக்கிட்டு இருப்பே."

"மண்ணு என்ன சொல்லிச்சுன்னு கேட்டேல்ல?"

"காகிதம் என்ன சொல்லுதுன்னு பாரு. ஐந்து மணிக்குள்ள சான்று. நான் எழுதலை. மாமா எழுதினது."

எல்லாம் மாமா எழுதியது, மாமா பெருக்கியது. பெரியவள் கூடத்தைப் பார்த்தாள். மாமா அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் முற்றத்துக்குப் போய் மர வியாபாரியைக் கூப்பிட்டான். காலை ஏழு மணிக்கு ரம்பமும் ஆட்களும் வந்துவிடும் என்று பேச்சு முடிந்தது. "குறி போட்ட நாற்பத்தொன்னு அப்படியே இருக்கில்ல? போய்ப் பார்த்துச் சொல்லுங்க. அதைத் தவிர ஒன்னுல கை வைக்க மாட்டேன். காகிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கு," என்றது போன். வியாபாரிக்கு முன்னமே ஒரு கோர்ட்டு வழக்கு இருக்கிறது, அதனால் சுத்தமான மனுஷர்.

சின்னவன் சரிவுக்குப் போனான். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, குறி எங்கே?"

"எந்தக் குறி?"

"சிவப்புப் பெயிண்ட்! ஒரு மரத்துலயும் காணோம். எல்லாம் சுண்ணாம்பு! எது நாற்பத்தொன்னு, எது மத்ததுன்னு எப்படித் தெரியும்? அளந்து குறி போட்டவர் அடுத்த மாசம்தான் வருவார்!"

சொல்லிவிட்டு, போனும் கையுமாக மறுபடி சரிவுக்கு ஓடினான்.

பெரியவள் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். காலையிலிருந்து கணவரின் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை. இப்போது எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, வெள்ளையடிக்கும்போது அந்தச் சிவப்பு உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சு."

"பட்டுச்சா?"

"அதான் அந்த நாற்பத்தொன்னுக்கு மட்டும் ரெண்டு கோட் அடிச்சேன்." அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். "ரெண்டாவது கோட்டை ஆளுங்ககிட்ட விடலை. இன்னைக்குக் காலையில நானே தனியா அடிச்சேன். முதல் கோட்டுல லேசாத் தெரிஞ்சுது."

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏழு வருஷச் சருகை விவரம் தெரியாமல் அள்ளிய அதே கை, விவரம் தெரிந்து குறியையும் மறைத்திருக்கிறது. கோபம் போகவில்லை. கோபத்தின் நடுவே ஒரு சிரிப்பு வந்து தொலைந்தது.

"கொஞ்சமாவது சொல்லக்கூடாதா என்கிட்ட?"

"நீதான் என்னைப் பார்க்கவே இல்லையே."

அப்போதுதான் ஜீப் ஷெட்டின் தகரக் கூரையில் 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. தொழிலாளர் குடியிருப்பில் யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள். "பூ மழை! பூ மழை வந்துடுச்சு!"

காபிச் செடி மொட்டைப் பிடித்துக்கொண்டு இந்த முதல் மழைக்குத்தான் காத்திருக்கும். இது வந்தால்தான் பூ, பூத்தால்தான் காய். ரெண்டரை மாசமாகத் தோட்டமே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பெரியவள் இந்த மழையை வேண்டாம் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு நினைத்தாள். வெயிலில் ஒரு முழு நாள்கூடக் காயாத சுண்ணாம்பு அது.

"இன்னும் சுண்ணாம்பு இருக்கா?"

"தீர்ந்துபோச்சு," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

மழை பிடித்துக்கொண்டது. சரிவிலிருந்து சின்னவனின் குரல் கேட்டது.

"அக்கா! இங்க ஒண்ணு தெரியுது!"

இருவரும் எழுந்து நின்றார்கள்.

"ரெண்டு!" கொஞ்ச நேரம் கழித்து, "மூணு!" அவன் மரத்துக்கு மரம் ஓடுவது குரலிலேயே தெரிந்தது.  ஆறு, ஏழு, எட்டு. "ஒம்பது!"

பத்தாவதற்காகப் பெரியவள் காத்திருந்தாள். வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, ரெண்டு நிமிஷம் ஆயிற்று. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

விழுந்துவிட்டானோ என்று பயந்து, குடைகூட எடுக்காமல் ஓடினாள். பின்னாலேயே ஸ்டேஷன் மாஸ்டர், தேய்த்த சட்டையோடு.

சின்னவன் விழவில்லை. சரிவின் அடியில், வாய்க்காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் இருந்த போனில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை பெரிய மழையிலும் தெளிவாக ஓடிய வாய்க்கால் அது. இந்த ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அது கலங்கியதில்லை. இப்போது சருகுப் போர்வை இல்லாத மண்ணை மழை நேராக அடித்துக் கரைக்க, கெட்டியாக, காபி டிகாக்ஷன் நிறத்தில், அவன் செருப்பை நனைத்துக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் இருந்தும் அதே மாதிரி ஒன்று வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

"அக்கா," என்றான். கத்தவில்லை. "இது நம்ம மண்ணா ஓடுது?"

"ஆமாண்டா," என்றாள் பெரியவள். "உன் பங்கும் அதுலதான் போகுது."